பிசிறு வேற, கரடுமுரடு வேற

போன வருஷம் ஒரு மெஷின் கையேட்டை தமிழாக்கம் பண்ற வேலை வந்துச்சு. லேத்துலயும் மில்லிங்லயும் புதுசா வேலைக்கு சேர்றவங்க கையில வச்சுப் படிக்கிற சின்ன புஸ்தகம். அதுல ஒரு எச்சரிக்கை வரி, வெட்டி முடிச்ச இரும்போட ஓரம் கையைக் கிழிக்கும், வெறும் கையால தொடாதேன்னு. நான் ரொம்ப யோசிக்காம "வெட்டிய பாகத்தின் கரடுமுரடான விளிம்புகளைக் கையால் தொடாதீர்கள்"னு எழுதிட்டுப் போயிட்டேன். இலக்கணத்துல ஒரு குறையும் இல்ல. படிச்சா புரியுது, இல்லையா?

சரிபாக்க ஒரு ஃபோர்மேன் வந்து உக்காந்தார். முப்பது வருஷத்துக்கு மேல இரும்போடயே இருந்த மனுஷர். பக்கம் பக்கமா விரலை ஓட்டிக்கிட்டு வந்தவர் இந்த வரியில நிறுத்திட்டார்.

"இது எதைச் சொல்லுதும்மா?"

"வெட்டுனதுக்கு அப்புறம் ஓரம் ஒரு மாதிரி முள்ளு முள்ளா நிக்கும்ல, அதுதாண்ணே."

"அது பிசிறும்மா. கரடுமுரடுன்னா வார்ப்புல இருந்து வர்ற பீஸோட மேல்தோலு. பசங்க இதைப் படிச்சா பீஸோட முகத்தைத்தான் பாப்பாங்க, ஓரத்தைப் பாக்க மாட்டாங்க. பிசிறுன்னு போடுங்க."

அவ்வளவுதான் சொன்னார், அடுத்த பக்கத்துக்குப் போயிட்டார். எனக்கு மட்டும் அந்த வார்த்தை அங்கயே நின்னுடுச்சு. பிசிறு எனக்குத் தெரியாத சொல் இல்ல, சட்டை பிசிறு, குரல் பிசிறுன்னு தினமும் காதுல விழுறதுதான், ஆனா எழுத உக்காந்தப்ப அது என் கைக்கு வரல, அதுக்குப் பதிலா கரடுமுரடுதான் வந்துச்சு. அன்னிக்கு ஆரம்பிச்சு இந்த ஒரு சொல்லை யார் எங்க எப்படிச் சொல்றாங்கன்னு கவனிச்சுக்கிட்டே இருக்கேன்.

முதல்ல அக்கம்பக்கத்துச் சொற்களைப் பாத்துடலாம். சொரசொரப்புன்னா அது பரப்பு, உப்புத்தாள் சொரசொரன்னு இருக்கும், தடவிப் பாத்தா உள்ளங்கை முழுக்கத் தெரியும். கரடுமுரடுன்னா அது மொத்த உருவம், பாதை கரடுமுரடு, பாறை கரடுமுரடு, ஆளோட சுபாவம்கூட கரடுமுரடு. சிலாம்பு மரத்துல இருந்து பிரிஞ்சு விரல்ல ஏறுறது, சில இடத்துல அதையே சிராய்னு சொல்லுவாங்க. கிழிசல், கந்தல் எல்லாம் சேதம் முத்திப் போன நிலை. இதுல எதுவும் பிசிறு ஆகாது. பிசிறுக்கு ஒரு ஓரம் வேணும். வெட்டுன ஓரமோ, கிழிச்ச ஓரமோ, ரெண்டு துண்டு சேந்த ஓரமோ, அந்த ஓரத்தோட கோட்டைத் தாண்டி கொஞ்சமா நீட்டிக்கிட்டு நிக்குற மிச்சம்தான் பிசிறு. அது பொருளோட சேந்துதான் இருக்கும், ஆனா பொருளோட உருவத்துல சேராது. இந்த ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் அந்தச் சொல் பொருந்துது, ஒண்ணு குறைஞ்சாலும் நம்ம ஆளுங்க வாய் தானாவே வேற சொல்லுக்குப் போயிடுது.

துணியில இதை நல்லாப் பாக்கலாம். நெசவுல பாவு நூல் நெட்டுக்குப் போகுது, ஊடை நூல் குறுக்க போய்ட்டு போய்ட்டு திரும்புது. அது திரும்புற இடம்தான் கரை, அங்க பிசிறு வராது, ஏன்னா நூலுக்கு அங்க முனையே இல்ல, வளைஞ்சு உள்ள போயிடுது. கத்திரி வச்ச உடனே ஆயிரக்கணக்கான நூலுக்குப் புதுசா முனை முளைக்குது, ஒவ்வொண்ணும் தன்னைப் பிடிச்சுக்கிட்டு இருந்த பக்கத்து நூலை இழந்துடுது, ரெண்டு தடவை துவைச்சா ஓரத்துல இருக்குறது ஒவ்வொண்ணா உருவிக்கிட்டு வெளிய வருது. ஓரம் பிசிறு விடுதுன்னு சொல்றோமே, அந்த "விடுது"ங்கிற வினை எனக்கு ரொம்பப் பிடிக்கும், செடி இலை விடுற மாதிரி துணி தானா பிசிறு விடுது. ஓரத்தை மடிச்சு அடிக்கிறதும் ஓவர்லாக் போடுறதும், அறுந்து போன அந்தத் திருப்பத்தைத் தையலால திரும்பக் கொடுக்குறதுதான். பல்லுப் பல்லா வெட்டுற கத்திரி ஒண்ணு இருக்கு, அதுல வெட்டுனா பிசிறு குறையும், காரணம் என்னன்னா அந்த வெட்டு நூலுக்கு நேரா போகாம சாய்வா போகுது, நீளமா ஒரு நூல் முழுசா உருவி வர வழி இல்ல, ஒரு பல் அளவுக்குத்தான் வரும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல பிசிறு வெட்டுறதுன்னே தனி வேலை இருக்கு. தைச்சு முடிச்சு வந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பாத்து, தையல் முனையில தொங்குற நூலை எல்லாம் சின்னக் கத்திரியால வெட்டி விடணும். அங்க பெரும்பாலும் பிசிர்னு ர் போட்டு எழுதுவாங்க, பத்திரிகையில பிசிறுன்னு வரும். ரெண்டும் புழக்கத்துல இருக்கு, நான் பிசிறுன்னே எழுதுறேன். கவனிச்சா அந்தத் தொங்குற நூல் உடுப்போட பலத்தை ஒண்ணும் கெடுக்குறதில்ல. ஆனா வாங்குறவர் கண்ணு முதல்ல அங்கதான் போகும், ஒரு நூல் நீட்டிக்கிட்டு இருந்தா மொத்தத் தையல் மேலயும் சந்தேகம் வந்துடும்.

இரும்புக்கு வர்றேன், என்னை இதுக்குள்ள இழுத்துவிட்டதே அதுதானே. உலோகத்துல பிசிறு ஏன் வருதுன்னு அந்த ஃபோர்மேன் அப்புறம் ஒரு நாள் எனக்கு நிதானமா விளக்கினார். நாம வெட்டுறோம்னு சொல்றோம், ஆனா கருவி உலோகத்தைக் காய்கறி மாதிரி வெட்டுறதில்ல, தள்ளுது. பீஸோட கடைசிக்கு வரும்போது கருவிக்கு முன்னாடி இருக்குற மிச்ச உலோகத்துக்குப் பின்னாடி தாங்க ஒண்ணும் இல்ல, அதனால அது வெட்டுப்படாம வளைஞ்சு வெளிப்பக்கமா சாஞ்சுடுது. சாஞ்சு நிக்குற அந்த மெல்லிசு உதடுதான் பிசிறு. ட்ரில் போட்டா அதனாலதான் துளைக்கு அடிப்பக்கம், ட்ரில் வெளிய வர்ற பக்கம், பிசிறு பெருசா இருக்கும். அலுமினியம், செம்பு, மைல்டு ஸ்டீல் மாதிரி வளையுற குணம் உள்ளதுல நிறைய வரும். வார்ப்பிரும்புல அவ்வளவு வராது, அது வளையத் தெரியாத சாதி, ஓரம் பொடிப்பொடியா உதிர்ந்து போயிடும், அப்ப அதைப் பிசிறுன்னு சொல்ல மாட்டாங்க, ஓரம் பேந்துடுச்சும்பாங்க. பாத்தீங்களா, நீட்டிக்கிட்டு நின்னா பிசிறு, குறைஞ்சு போனா பேந்தது. வெட்டுற கருவி மழுங்குனா பிசிறு கூடும். தகட்டுல பஞ்ச் அடிச்சுத் துளை போடும்போது, மேல இருந்து இறங்குற பஞ்ச்சுக்கும் கீழ அதை வாங்குற டைக்கும் நடுவுல இடைவெளி வேண்டியதை விட அதிகமானாலும் கூடும். அதனால நல்ல வேலைக்காரர் பிசிறைப் பாத்தே கருவியோட நிலைமையைச் சொல்லிடுவார், காலையில வராத பிசிறு மத்தியானம் வருதுன்னா டூலைக் கழட்டிப் பாருன்னு அர்த்தம்.

அதை எடுக்குற விதமும் அழகுதான். அரத்தை ஓரத்துல சாய்வா வச்சு லேசா ராவுறது, துளைன்னா அதைவிடப் பெரிய ட்ரில் பிட்டை வாயில வச்சு கையாலயே ஒரு சுத்து சுத்துறது. எடுத்தாச்சான்னு விரல் நகத்தை ஓட்டிப் பாப்பாங்க, கண்ணுக்குத் தெரியாதது நகத்துல தட்டும். பிசிறு தட்டுதுங்கிற பேச்சுக்கு எனக்கு அன்னிக்குத்தான் உடம்புல அர்த்தம் ஏறுச்சு. அவர் என் விரலைப் பிடிச்சு ஒரு பீஸோட ரெண்டு ஓரத்துலயும் நகத்தை ஓட்ட வச்சார், ஒரு பக்கம் நகம் வழுக்கிக்கிட்டுப் போச்சு, இன்னொரு பக்கம் டிக்குன்னு நின்னுச்சு. ரெண்டு ஓரமும் பாக்க ஒண்ணுதான்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கவனம் ஏன்னு கேட்டா, சின்னதுங்கிறதாலதான். ஹைட்ராலிக் வால்வுக்குள்ள ஒரு பிசிறு எண்ணெயோட ஓட்டத்துல ஒடிஞ்சு கிளம்புச்சுன்னா எங்கயாவது இடுக்குல போய் சிக்கி வால்வையே மாட்டிக்க வச்சுடும். டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்குங்க, அதுக்குள்ள இருக்குற இரும்பு ஒரே கட்டி இல்ல, 0.35 மில்லிமீட்டர் மாதிரி மெல்லிசான தகடுகளை அடுக்கி வச்சது, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல மின்சாரம் தாவாத பூச்சு இருக்கும். தகட்டை வெட்டும்போது ஓரத்துல பிசிறு நின்னுச்சுன்னா அது பக்கத்துத் தகட்டைத் தொட்டுடும், பூச்சு இருந்தும் பிரயோஜனம் இல்ல, சுழல் மின்னோட்டம் தகடு விட்டுத் தகடு ஓடி இரும்பைச் சூடாக்கும், மின்சாரம் வீணாப் போகும். தலைமுடி அளவு கூட இல்லாத ஒரு உதடு பண்ற வேலை இது.

ஆனா பிசிறே இருக்கக்கூடாதுன்னு உலகம் சொல்லலங்கிறதும் எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. ஓரங்களை வரைபடத்துல எப்படிக் குறிக்கணும்னு சொல்றதுக்கே ஐஎஸ்ஓ 13715ன்னு ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கு. அதுல வெளி ஓரத்துக்கு கழித்தல் குறி போட்டு எண் எழுதுனா அந்த அளவுக்கு ஓரத்தை எடுத்துடணும்னு அர்த்தம், கூட்டல் குறி போட்டா அந்த அளவு வரைக்கும் பிசிறு இருந்தா பரவாயில்ல. கூட்டல் 0.1ன்னு இருந்தா ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு பிசிறு அனுமதி. எனக்கு அதைப் பாத்து ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சு. பிசிறைத் திட்டாம, அதுக்கு ஒரு அளவைக் கொடுத்து, எங்க வேணாம் எங்க இருந்துட்டுப் போகட்டும்னு பிரிச்சுச் சொல்ற நிதானம்.

இதைவிட ஆச்சரியம் கத்தி சாணை பிடிக்கிறதுல. அங்க பிசிறு வந்தே ஆகணும். கல்லுல ஒரு பக்கத்தைத் தேச்சுக்கிட்டே இருக்கும்போது, தேய்ப்பு சரியா முனை வரைக்கும் போய்ச் சேந்துச்சான்னு எப்படித் தெரியும்? மறுபக்கத்துல மெல்லிசா ஒரு பிசிறு சுருண்டு எழும்பும். கத்தியோட நீளம் முழுக்க அது எழும்புற வரைக்கும் அடுத்த பக்கத்துக்குத் திரும்பக்கூடாது, நடுவுல ஒரு இடத்துல எழும்பலன்னா அந்த இடம் இன்னும் கூர் ஆகலன்னு அர்த்தம். அப்புறம் மறுபக்கம் தேச்சு, கடைசியா தோல் வார்ல இழுத்து அந்தப் பிசிறை நீக்கணும். நீக்காம விட்டா முதல் வெட்டு பிரமாதமா இருக்கும், நாலாவது வெட்டுக்குப் பிசிறு மடிஞ்சு கத்தி மழுங்குன மாதிரி ஆயிடும். வரவும் வேணும், வந்தப்புறம் போகவும் வேணும்.

சரி, குரல். பிசிறில்லாத குரல்னு சொல்றோம், மேல் ஸ்தாயில பிசிறடிக்குதுன்னு சொல்றோம். கரகரப்புல இருந்து இது எப்படி வேறன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். கரகரப்பு குரல் முழுக்க இருக்கும், சிலருக்கு அதுதான் குரலோட அழகே, அந்தக் கரகரப்போடயே சுருதி சுத்தமா பாடுறவங்க இருக்காங்க. பிசிறு அப்படி முழுக்க இருக்காது. நீளமா பிடிச்ச ஒரு ஸ்வரத்தோட கடைசியில மூச்சு தீரும்போதோ, உச்சத்தைத் தொடுற அந்த நொடியிலயோ, ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுற சேர்மானத்துலயோ வரும். எல்லாமே ஓரங்கள்.

தொண்டைக்குள்ள நடக்குறதைப் படிச்சப்ப இது இன்னும் நெருக்கமா பொருந்துச்சு. குரல் வர்றது ரெண்டு குரல்நாண்களோட ஓரம் ஒண்ணோட ஒண்ணு வந்து சேந்து பிரியுறதாலதான், பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு நூறு தடவைக்குக் கொஞ்சம் மேல, பெண்களுக்கு இருநூறு தடவை போல. அந்த ரெண்டு ஓரமும் நேரா வந்து மூடுனா குரல் சுத்தமா இருக்கும். அதிகமா கத்திப் பேசி அந்த ஓரத்துல சின்னதா முடிச்சு மாதிரி தடிச்சுப் போச்சுன்னா, இல்ல சளி ஒட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா, முழுசா மூடாது, இடுக்கு வழியா காத்து கசியும், அந்தக் கசிவுதான் நமக்குப் பிசிறா கேக்குது. தொண்டைக்குள்ள எட்டிப் பாத்துப் பேர் வைக்கல யாரும், காதால கேட்டு வச்ச பேர், அது நேரா போய் ஒரு ஓரத்துல உக்காந்திருக்கு.

மைக்லயும் ஸ்பீக்கர்லயும் பிசிறடிக்குதுன்னு சொல்றதும் இப்படித்தான். சத்தத்தைத் தாங்குற அளவுக்கு மேல ஏத்துனா ஆம்ப்ளிஃபயரால அலையோட உச்சியை முழுசா வரைய முடியாது, மேல வரம்பு வந்த இடத்துல உச்சி தட்டையா வெட்டுப்பட்டுடும். வளைவா இருந்த அலைக்கு அங்க மூலை முளைக்குது, அந்த மூலையில இருந்து, பாடுனவர் பாடாத கூடுதல் ஸ்வரங்கள் கிளம்புது, காதுல அதுதான் பிசிறு. துணியை வெட்டுனா நூல் நீட்டுது, இரும்பை வெட்டுனா உதடு நீட்டுது, அலையை வெட்டுனா மூல ஓசையில இல்லாத ஓசை நீட்டுது. சவுண்ட் சிஸ்டம் பாக்குற பையன் வால்யூமைக் குறைச்சுக்கிட்டே "பிசிறு போயிடுச்சா"ன்னு கத்திக் கேக்கும்போது இனிமே எனக்கு அந்தப் பொருத்தம் நினைப்புக்கு வராம இருக்காது.

ஸ்க்ரீன்ல மட்டும் எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு. சாய்வான கோடு பிக்சல்ல படிப்படியா தெரியுறதைச் சிலர் பிசிறுங்கிறாங்க. எனக்கு அது பல்லு, ரம்பப்பல்லு. ஒழுங்கான படிக்கட்டு பிசிறு ஆகாது. ஆனா போட்டோல ஒரு ஆளைப் பின்னணியில இருந்து வெட்டி எடுக்கும்போது முடிக்குப் பக்கத்துல பழைய பின்னணியோட நிறம் துணுக்குத் துணுக்கா ஒட்டிக்கிட்டு வருமே, அது அசல் பிசிறு.

பாராட்டுல இந்தச் சொல் வர்ற விதத்தையும் சொல்லணும். பிசிறில்லாத நடை, பிசிறு தட்டாத நடிப்பு, பிசிறே இல்லாம பேசினார். எப்பவும் "இல்லாத"வோடதான் வருது, பிசிறோட இருந்தது அருமைன்னு யாரும் எழுதி நான் பாத்ததில்ல. கட்டுரைகள்ல இது இப்ப ரொம்பத் தேஞ்சு போச்சு, எது நல்லா இருந்தாலும் பிசிறில்லாததுன்னு போட்டுடறாங்க, எனக்கு அது வருத்தமா இருக்கு. ஒரு நடிகர் முழுக்க சரியில்லன்னா அது பிசிறு இல்லையே. அழுகையில இருந்து சிரிப்புக்கு மாறுற அந்த இடத்துல ஒரு கணம் நடிக்கிறது தெரிஞ்சுடுச்சுன்னா அதுதான் பிசிறு. ஒரு கட்டுரையில ஒரு பத்தி முடிஞ்சு இன்னொரு பத்தி தொடங்குற இடத்துல ஒட்டு தெரிஞ்சா அது பிசிறு. எங்க ஓரம்னு காட்ட முடியலன்னா அந்தச் சொல்லை அங்க போடாம இருக்குறது நல்லதுன்னு நினைக்கிறேன். நான் கையேட்டுல பண்ணினது இதுக்கு நேர் எதிர்த் தப்பு, ஓரம் கண்ணு முன்னாடி இருந்தும் அந்தச் சொல்லைப் போடல.

பழைய இலக்கியத்துல தேடிப் போனப்ப எனக்கு இன்னொரு பிசிர் கிடைச்சுது. புலவர் பேரான பிசிராந்தையார்ல வர்ற பிசிர் ஊர்ப்பேர், அதை விட்டுடலாம். நான் சொல்றது பதிற்றுப்பத்துல, இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைக் குமட்டூர்க் கண்ணனார் பாடுன இரண்டாம் பத்து. அதோட முதல் பாட்டு இப்படித் தொடங்குது: "வரைமருள் புணரி வான்பிசிர் உடைய". மலையோன்னு மயங்க வைக்கிற அலை, பிசிர் பிசிரா உடையுது. இங்க பிசிர்னா தெறிக்கிற நீர்த்துளி. அந்த வரியை அப்படியே பாத்துக்கிட்டு இருந்தேன். அலையோட ஓரம் எங்க இருக்கு? அது எந்த இடத்துல தண்ணியா இருக்குறதை விட்டுட்டுத் துளியா ஆகுது? உடையுற உச்சியில, காத்து இழுக்குற அந்தக் கோட்டுல, இன்னும் அலையோட சேந்தும் இருக்கு, அலையோட உருவத்துல சேராமலும் போகுது. துணி ஓரத்து நூலைப் பாக்குற அதே கண்ணால பாத்தா அது கடலோட பிசிறுதான். இன்னிக்கும் மாவுல தண்ணி தெளிச்சு விரலால லேசாக் கலக்குறதைப் பிசிறி வைக்கிறதுன்னு சொல்றோம், அந்தத் துளித் துளியான ஈரத்துலயும் எனக்கு அந்தக் கடல் வரி ஞாபகம் வருது.

கையேட்டுல நான் அந்த ஒரு வரியோட நிறுத்தல. திரும்ப முதல்ல இருந்து எடுத்து, விளிம்பு வர்ற இடத்தை எல்லாம் பாத்தேன். இன்னொரு இடத்துல "அளவெடுக்கும் முன் விளிம்புகளைச் சீர்செய்யவும்"னு எழுதி வச்சிருந்தேன். அதையும் அவர்கிட்ட காட்டினேன். சிரிக்கல, திட்டல, ஒரு பீஸை எடுத்து வெர்னியர் அளவுகோல்ல வச்சு அளந்தார், 25.12 மில்லிமீட்டர். அரத்தை எடுத்து ஓரத்துல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு மறுபடி அளந்தார், 25.00. முதல் தடவை அவர் அளந்தது பீஸை இல்ல, பிசிறை.

"புதுப் பையன் என்ன பண்ணுவான் தெரியுமாம்மா? 25.12ன்னு காட்டுதே, கூட இருக்கேன்னு இன்னும் 12 பாயிண்ட் இழுத்துடுவான். பீஸ் போச்சு."

அந்த வரி இப்ப அச்சுல இப்படி இருக்கு: "பிசிறு எடுத்த பிறகே அளக்கவும்."